மாமாவுக்கு ஒரு சாதுவான பல்லி

எனக்குப் பல்லி என்றால் பயம். சுவரில் ஒட்டிக்கொண்டு சத்தம் கொடுக்குமே, அந்தச் சுண்டுவிரல் அளவுப் பல்லியைத்தான் சொல்கிறேன். குளியலறையில் அது இருந்தால் அன்றைக்கு எனக்குக் குளியல் கிடையாது. (வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆ தொழுகைக்காகப் பக்கத்து வீட்டில் போய்க் குளிப்பேன்.) இப்படிப்பட்ட நான், என் கல்யாணத்துக்கு இருபது நாள் இருக்கும்போது, நாலடி நீளத்தில் ஒரு பல்லியைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். அதுவும் சாதுவான பல்லி. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. வாயால் கெட்டேன்.

அப்போது நான் மாட்டு மருந்துக் கம்பெனி ஒன்றில் ரெப். புதுப்புதுக் கம்பெனிகள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். எங்கள் கீழ்வேளூரில் டிகிரி முடித்த பையன்களில் பாதிப் பேர் சவுதிக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். மீதிப் பேர் கழுத்தில் டை கட்டிக்கொண்டு எதையாவது விற்றோம். நான் விற்றது கறவை மாட்டுக்கான கால்சியம் டானிக். டாக்டர்கள் மாட்டைத் தொட்டுப் பார்க்கும்போது நான் நாலு முழம் தள்ளி நின்று, எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டுவேன். எனக்கும் விலங்கினத்துக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

பெண் அதிராம்பட்டினம். அந்த ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். பெண்ணின் வாப்பா கமாலுதீன் மாமா, துபாயில் ஓர் அரபி வீட்டில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அப்போதுதான் ஒரேயடியாக ஊர் திரும்பியிருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் வந்து போனவர். அவருடைய வீட்டிலேயே விருந்தாளிபோலத்தான் உட்கார்ந்திருப்பார். கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

நிச்சயத்தன்று வீட்டின் ஏசி அறையில் உட்கார வைத்து என் வேலையைப் பற்றி விசாரித்தார். மாட்டு டானிக் என்று சொல்ல எனக்குக் கூச்சம். அங்கே வந்திருந்த மற்ற மருமகன்கள் எல்லாம் வெளிநாட்டுச் சென்ட் வாசனையோடு இருந்தார்கள். “ஆடு, மாடு, கோழி, பறப்பன, ஊர்வன எல்லாம் நம்ம லைன்தான் மாமா” என்றேன். ஊர்வன என்று ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பள்ளிக்கூடத்து அறிவியல் புத்தகத்தில் அந்த வார்த்தைகள் சேர்ந்தே வரும், அந்தப் பழக்கமாக இருக்கலாம். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன்.

அரபி வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய பச்சைப் பல்லி இருந்ததாம். வெளிநாட்டு இனம், இக்வானா என்று பெயர். வாங்கியவர்கள் ஒரு மாதத்தில் அதை மறந்துபோக, கீரை போடும் வேலை மாமா தலையில் விழுந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் அவரும் அதுவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்களாம். இதை என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“இங்க வர்றவங்க எல்லாரும் என்னமாச்சும் கேட்டுக்கிட்டுதான் வர்றாங்க மாப்பிள்ளை. சும்மா பக்கத்துல உக்கார ஒரு ஆள் இல்ல. அது மாதிரி ஒண்ணு நமக்குக் கிடைக்குமா?”

நம்ம ஊர் உடும்பை வளர்த்தால் வனத்துறை பிடிக்கும், இக்வானா என்றால் திருச்சியில் புதிதாக ஒரு கடையில் விற்கிறார்கள் என்று சொன்னேன். ஒரு டாக்டர் வீட்டு வரவேற்பறையில் காதில் விழுந்த செய்தி அது. சொல்லும்போது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அந்த மரியாதை வாசல்வரைகூடத் தாங்கவில்லை. கிளம்பும்போது திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்டது.

“இந்த வீட்ல ஏழு பொம்பளைங்க இருக்கோம் மாப்பிள்ளை. அந்த மனுசன் வாயைத் தொறந்து ஒண்ணு கேக்குறார், நான் தடுக்கல. ஆனா சாதுவா இருக்கணும். அது யாரையாச்சும் தொரத்துச்சுன்னு வைங்க, அதை மட்டும் தனியா வெளிய அனுப்ப மாட்டேன்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கீழ்வேளூர் பஸ்ஸில் உட்கார்ந்து பத்துத் தடவை யோசித்தேன். பத்துத் தடவையும் ஒரே அர்த்தம்தான் வந்தது.

மறுநாள் முதல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் உம்மா அதைக் கல்யாணக் கவலை என்று நினைத்து, தைரியத்துக்கு ஓதி ஊதிவிட்டார். நான் நாகப்பட்டினத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், சாதுவான பெரிய பல்லியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று தேடினேன். (பக்கத்துக் கேபின்களில் யாரும் இந்த விஷயத்தைத் தேடிக்கொண்டிருக்கவில்லை என்பது நிச்சயம்.) ஆறு பக்கம் பிரிண்ட் எடுத்தேன். முழுக்க இங்கிலீஷ். கண் தெளிவாக இருக்க வேண்டும், கையில் கொடுக்கும் கீரையைத் தின்ன வேண்டும், வாலைச் சாட்டைபோல வீசக்கூடாது. சாட்டை என்ற இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். நாலாம் பக்கம் முழுவதும் சூட்டைப் பற்றி இருந்தது. பனி பெய்கிற ஊர்க்காரனுக்காக எழுதியது, நம்ம ஊரில் சூட்டுக்கு என்ன பஞ்சம் என்று அந்தப் பக்கத்தை அப்படியே தள்ளிவிட்டேன்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம். திருச்சிக்குப் போக மாமா ஒரு சுமோ பிடித்திருந்தார், செல்வம் என்பவர் டிரைவர். வழி முழுக்க மாமா பேசிக்கொண்டே வந்தார். அது முருங்கைக்கீரை தின்னுமா, செம்பருத்திப் பூ தின்னுமா, கூடத்தில் வைக்கலாமா, மாடி வராந்தாவில் வைக்கலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ‘தாராளமா’ என்றேன். என் உள்ளங்கை வியர்த்து, பிரிண்ட் எடுத்த காகிதத்தின் மை விரலில் ஒட்டிவிட்டது.

கடை ஜில்லென்று இருந்தது. வரிசையாக மூன்று கண்ணாடிப் பெட்டிகள். முதல் பெட்டியில் இருந்தது சுவர் சுவராக ஏறி விழுந்துகொண்டிருந்தது. அதை நான் பார்க்கவே இல்லை, பார்க்காமலே வேண்டாம் என்றேன். இரண்டாவது பெட்டியில் இருந்தது மெதுவாக எழுந்து கண்ணாடி ஓரம் வந்து, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் மாமாவைப் பார்த்தது. மாமாவும் தலையைச் சாய்த்தார். கிட்டே வருகிற பல்லி இன்றைக்குக் கண்ணாடிவரை வரும், நாளைக்குக் கட்டில்வரை வராதா? அந்த வீட்டில் நான் அல்லவா தூங்கப்போகிறேன்.

மூன்றாவது பெட்டி ஏசிக்கு நேர் கீழே இருந்தது. உள்ளே ஒரு பல்பு தொங்கியது, எரியவில்லை. இந்த விவரமெல்லாம் என் கண்ணில் பட்டது, மூளையில் படவில்லை. ஏனென்றால் அங்கே ஒரு பலகையின்மேல் என் கனவுப் பல்லி கிடந்தது. அசையவில்லை. பார்க்கவில்லை. விறகுக் கட்டைக்குப் பச்சை பெயின்ட் அடித்து வைத்ததுபோல இருந்தது.

“காலையிலேருந்து இப்படியேதான் சார் இருக்கு. தங்கம்” என்றார் கடைக்காரர்.

நிபுணன் என்ற முறையில் நான் தொட்டுப் பார்த்தாக வேண்டும். மனசுக்குள் ஓதிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு விரலை நீட்டினேன். குளிர்ந்த தோல் பட்டது. எனக்கு முதுகெலும்பு முழுக்கச் சிலிர்த்தது, அதற்கு ஒன்றுமே ஆகவில்லை.

மாமா இரண்டாவது பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். “இது கொஞ்சம் நம்மளப் பாக்குதே” என்றார். பார்ப்பது கோபத்துக்கு அறிகுறி மாமா என்றேன். மனுஷன் என்னை நம்பினார். வருஷக்கணக்கில் இக்வானாவோடு பழகியவர், கால்சியம் டானிக் விற்கிறவனை நம்பினார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பல்லியை ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் வைத்து, ஓட்டை போட்டு, பின் சீட்டில் என் பக்கத்தில் வைத்தார்கள். அந்தச் சுமோவில் ஏசி என்று ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. தஞ்சாவூர்வரை நிம்மதி. மாமா முன் சீட்டில் கண்ணயர்ந்தார். நானும் பெட்டியில் கை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளையாக என் எதிர்காலத்தை நினைத்துப் பார்த்தேன். அது நன்றாகவே இருந்தது.

ஒரத்தநாடு நெருங்கும்போது உள்ளே ‘சரக்’ என்று ஒரு சத்தம். வெளியே மேட்டூர் தண்ணீர் வராத வயல்கள் வெடித்துக் கிடந்தன. வண்டிக்குள் அனல். கொஞ்ச நேரத்தில் ‘சரக் சரக்’. மாமா விழித்து என்ன சத்தம் என்று கேட்டார். தூக்கத்தில் புரளுது மாமா என்றேன். பட்டுக்கோட்டையில் ஓர் ஓட்டை வழியாக நீளமான நகம் ஒன்று வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. நான் என் பையை எடுத்து அந்த ஓட்டையின்மேல் வைத்து, பையின்மேல் முழங்கையை வைத்து, முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்த செல்வம், வண்டியின் வேகத்தைக் கூட்டினார். அதன் பிறகு பெட்டி தானாகவே சீட்டில் நகர ஆரம்பித்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு ஊர்ப் பலகை வரும்போதும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன், பலகை போய்விடும்.

வீட்டுக் கூடத்தில் எல்லாப் பெண்களும் கூடியிருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு முகவரி எழுதிக்கொண்டிருந்தார்கள் போல, கட்டுக்கட்டாக உறைகள். மாமா தன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு தட்டில் ஆய்ந்த முருங்கைக்கீரை தயாராக இருந்தது. மாமி சொல்லி வைத்திருந்தார். அந்தக் கீரையை உள்ளங்கையில் எடுத்து நீட்டியபடி, “தொறங்க மாப்பிள்ளை” என்றார் மாமா.

திறந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது மொத்தம் அரை நிமிஷம் இருக்கும் என்கிறார்கள். வெளியே வந்தது நான் திருச்சியில் தொட்ட பிராணியே இல்லை. தொண்டைக்குக் கீழே தோலை விசிறிபோல விரித்துக்கொண்டு, உடம்பை உப்பி, என்னைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டியது. நானும் மரியாதைக்குத் தலையை ஆட்டினேன். வால் வந்ததை நான் பார்க்கவில்லை. இடது கன்னத்தில் யாரோ ஈரப் பிரம்பால் அடித்ததுபோல இருந்தது. “உம்மா” என்று ஒரு சத்தம் கேட்டது. அது என் சத்தம். அடுத்த நொடி நான் சாப்பாட்டு மேஜையின்மேல், பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். மேஜைக்கு எப்படிப் போனேன் என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. நடுவில் ஒரு சோபா இருந்தது.

பல்லி மாமாவை நோக்கி ஓடியது. மாமா நகரவே இல்லை. கீரை வைத்திருந்த கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார். அது அவரைத் தாண்டி, தட்டைக் கவிழ்த்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துப் போய்க் கம்பியில் மோதியது. மாமாவின் கை மட்டும் நீட்டியபடி அங்கேயே இருந்தது. மேலே நின்ற எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. பயத்துக்கு நடுவிலும் என் மனசு சுருங்கிப்போனது.

அப்போதுதான் உள்ளறைத் திரை விலகியது. நான் கட்டிக்கொள்ளப்போகும் ரஹ்மத் கையில் ஒரு பெரிய வெள்ளைத் துப்பட்டியோடு வந்தாள். கோழியை அமுக்குகிற லாவகத்தில் அந்தத் துப்பட்டியைப் பல்லியின் தலைமேல் போட்டாள். கண் மறைந்ததும் அது அடங்கிவிட்டது. சுருட்டி எடுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டு, அண்ணாந்து என்னைப் பார்த்தாள். எங்களுக்குள் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேச்சு நடந்ததில்லை.

“எறங்குங்க. அது ஒண்ணும் பண்ணாது” என்றாள்.

மாமி கூடத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். “ஏழு பொம்பளைங்களும் தரையிலதான் நிக்கிறோம். மாப்பிள்ளை மட்டும்தான் மேல நிக்கிறார்” என்றார். குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் தேவலாம்.

இறங்கினேன். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். டானிக், ஊர்வன, குளியலறைப் பல்லி, பக்கத்து வீட்டுக் குளியல்வரை சொன்னேன். (அந்தக் கடைசித் தகவல் யாருக்கும் தேவைப்படவில்லை. பயத்தில் வாய் நிற்கவில்லை.) கடையில் இரண்டாவதை நான் வேண்டாம் என்றது பல்லிக்காக இல்லை, எனக்காகத்தான் என்றும் சொன்னேன். மாமா எழுந்து உள்ளே போனார். பின்னாலேயே மாமியும் ரஹ்மத்தும் போனார்கள். ரஹ்மத் போகும்போது, தரையில் சிதறிக் கிடந்த என் ஆறு பக்கங்களையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில் நான் தனியே உட்கார்ந்திருந்தேன். கன்னம் எரிந்தது. உள்ளே மெல்லிய பேச்சுக் குரல். என் வாப்பாவுக்கு என்ன பதில் சொல்வது, கொடுத்த பத்திரிகைகளை எப்படித் திரும்ப வாங்குவது என்றெல்லாம் யோசித்தேன். ஒரு நாலடிப் பல்லியால் கல்யாணம் நின்றது என்று சொன்னால் ஊரில் யார் நம்புவார்கள்? வேறு ஏதோ பெரிய குற்றத்தை மறைக்கிறேன் என்றுதான் பேசுவார்கள்.

மாமா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

“இருபத்திரண்டு வருஷம் போன்ல ‘நல்லாருக்கேன், நல்லாருக்கேன்’னு சொன்னவன் நான். பயந்துகிட்டுப் பேசுற பேச்சு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். வண்டியிலயே தெரிஞ்சுது மாப்பிள்ளை. நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்.”

மாமி மட்டும் திரைக்குப் பின்னால் இருந்து தீர்ப்பை வாசித்தார். நாளைக்கு அந்த ஜந்துவைக் கொண்டுபோய் மாற்ற வேண்டும், தானும் ரஹ்மத்தும் வருவோம், மாப்பிள்ளையும் வரலாம், ஆனால் மாப்பிள்ளை எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். (உள்ளே என்ன நடந்தது என்று ரஹ்மத் பிற்பாடு சொன்னாள். மாமி கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாராம். “அவங்களுக்குப் பொய் சொல்லத் தெரியல உம்மா, அது போதும்” என்று இவள் சொன்னாளாம்.)

மறுநாள் அதே சுமோ. அதே கடை. ரஹ்மத் அந்த ஆறு பக்கங்களையும் படித்து முடித்திருந்தாள். பி.எஸ்சி. படித்த பெண். நான் தள்ளிவிட்ட நாலாம் பக்கத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தாள். கடைக்காரரிடம் போய், “ஏசியை அணைங்க” என்றாள். அவர் வாடிக்கையாளர்கள் வருவார்கள் என்று இழுத்தார். நாங்களும் வாடிக்கையாளர்கள்தானே என்றார் மாமி. மூன்றாவது பெட்டியின் பல்பு ஏன் எரியவில்லை என்று ரஹ்மத் கேட்டபோது அவர் எங்களைப் பார்க்காமல் பல்பைப் பார்த்தார். குளிரில் பல்லி மரத்துப்போய்க் கிடக்கும், சாது என்று நினைத்து ஏமாறாதீர்கள் என்று அந்தப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ஒரு மணி நேரம் நாங்கள் நால்வரும் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வியர்த்தோம். கடைக்காரர் காலெண்டர் அட்டையால் விசிறிக்கொண்டார். முதல் பல்லி ஏறி விழுந்தது. திருப்பிக் கொடுத்த என் தங்கம், கண்ணாடியை வாலால் அறைந்தது. இரண்டாவது பல்லி மட்டும் மெதுவாக எழுந்து, ஓரத்துக்கு வந்து, தலையைச் சாய்த்து மாமாவைப் பார்த்தது. ரஹ்மத் கதவைத் திறந்து செம்பருத்திப் பூவை நீட்டினாள். அது பொறுமையாக வந்து, கடிக்காமல், பூவை மட்டும் எடுத்துக்கொண்டது.

“இதுதான் வாப்பா” என்றாள். மாமா அவளைப் பார்த்தார். அன்றைக்கு ஊர் திரும்பும் வழியெல்லாம் பின் சீட்டில் வாப்பாவும் மகளும் பேசிக்கொண்டே வந்தார்கள். நான் முன் சீட்டில், செல்வத்தின் பக்கத்தில், வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கல்யாணம் நடந்தது. கன்னத்துக் காயம் ஆறவில்லை என்பதால் புகைப்படக்காரர் என்னைப் பக்கவாட்டிலேயே நிற்க வைத்தார். ஆல்பம் முழுக்க நான் யாரோ கூப்பிட்டுத் திரும்பியவன்போலவே இருப்பேன். அந்தப் பல்லி பதினாலு வருஷம் எங்களோடு இருந்தது. தினமும் அஸருக்குப் பிறகு மாடி வராந்தாவில் மாமா, அது, போகப்போக ரஹ்மத், கொஞ்ச நாளில் மாமியும்கூட. நான் வராந்தா வாசற்படி வரைக்கும் போவேன்.

இன்றைக்கு அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். போன மாதம் ரஹ்மத்தின் தங்கை மகளுக்கு ஒரு பையனைப் பார்த்துவிட்டு வந்தோம். சிங்கப்பூரில் வேலை. தஞ்சாவூரில் ஒரு பெரிய ஹோட்டலில் சந்திப்பு. அடக்கம், குனிந்த தலை, மெல்லிய குரல். ரொம்ப சாதுவான பையன் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, எண்பது வயது மாமி கட்டிலிலிருந்து கேட்டார்:

“ஏசி ஓடுச்சா?”

எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, ரஹ்மத் என்னைப் பார்க்காமலே டீயை ஆற்றிக்கொண்டு சொன்னாள்: “உங்களையும் எங்க வாப்பா ஏசி ரூம்ல வச்சுத்தான் பாத்தாங்க.”